செவிக்கு விருந்து, வாய்க்குப் பூட்டு!

வானொலி நினைவுகள் என்றொரு கட்டுரை வகை தமிழில் தழைத்து வருகிறது. ஓய்வு பெற்ற எழுத்தர் எழுதுகிறார். கடல் கடந்து பணியாற்றும் பொறியாளர் எழுதுகிறார். பேரன் பேத்தி எடுத்த தாய்மார் எழுதுகின்றனர். ஒருவர்க்குத் திருச்சி, ஒருவர்க்குத் திருநெல்வேலி, மற்றொருவர்க்கு நாகர்கோவில், மலையடிவாரத்தில் வளர்ந்தவர்க்குக் கோடைப் பண்பலை. ஊர் வேறு, நிலையம் வேறு, உருக்கம் ஒன்று. நாம் இவற்றை விடாமல் படிப்பவர்கள்; விரும்பியே படிப்பவர்கள். ஆயினும் படிக்கப் படிக்க ஓர் ஐயம் நம்முள் வளர்ந்தது. கேட்டவற்றை இத்தனை நுட்பமாக எழுதுவோர், தாம் பேசியதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லையே, ஏன்? அவர்கள் பேசவில்லை, பேச அழைக்கப்படவும் இல்லை. அந்த வெற்றிடம் அவர்கள் கண்ணில் படாமற்போனது எப்படி என்பதே நம் வினா.

இக்கட்டுரைகளின் போக்கை அறியாதார் இலர். விடியற்காலை. நிலையம் விழிக்குமுன் ஒலிக்கும் அடையாள இசை. அடுக்களையில் அடுப்புப் புகை. அதனூடே அறிவிப்பாளரின் குரல். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்கு அதுவே கடிகாரம். இந்த அடையாள இசையைக் குறித்து உருகாத கட்டுரையை நாம் கண்டதில்லை. அதை யார் அமைத்தார் என்று கேட்ட கட்டுரையையும் கண்டதில்லை! அமைத்தவராக அறியப்படுபவர் வால்ட்டர் காஃப்மன். இட்லரின் கொடுங்கோன்மைக்குத் தப்பி 1934இல் பம்பாய் வந்து சேர்ந்த யூதர். ஊரை விட்டு விரட்டப்பட்டவன் தந்த இசை, கோடிக்கணக்கானோர்க்கு ஊர் நினைவாயிற்று. எழுதத்தக்க செய்தி அன்றோ இது? உருக்கத்தின் வேகத்தில் ஆராய்ச்சிக்கு நேரமில்லாமற் போகிறது போலும்.

இந்நினைவுகளில் நம்மை உண்மையாகவே தொடும் இடம் ஒன்றுண்டு. அது அஞ்சலட்டை. நேயர் விருப்பம் நிகழ்ச்சிக்குப் பாடல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரு நாள் தம் பெயரும் தம் ஊர்ப் பெயரும் வானில் மிதந்து வரக் கேட்ட அந்த நொடி! அதை எழுதும்போது எவர்க்கும் நடை நன்றாக வந்துவிடுகிறது. காரணம் எளிது. செய்தித்தாளில் ஒரு சிற்றூரின் பெயர் வர வேண்டுமானால் அங்கே கொலை விழ வேண்டும், அல்லது ஏரி உடைய வேண்டும். வானொலியில் வர ஓர் அஞ்சலட்டை போதும். நாட்டுப் படத்தில் புள்ளியாகக்கூட இடம் பெறாத பட்டிகளும் பாளையங்களும் குறிச்சிகளும் விளைகளும், ஒரு பாட்டுக்கு முன்னே வரிசையாய் அறிவிக்கப்பட்டன. தாமும் இந்நாட்டில் இருக்கிறோம் என்பதற்குச் சான்று கிடைத்த மகிழ்ச்சி அது. அம்மகிழ்ச்சியை எள்ளுவோர் மக்களை அறியாதவர்.

ஆனால் பெயர் ஒலித்தது, பேச்சு ஒலிக்கவில்லை. அட்டை எழுதியவர் என்ன உழைப்பாளி, அவர் ஊரில் கிணறு வற்றியதா, பள்ளிக்கு ஆசிரியர் வந்தாரா, எதுவும் அந்த அட்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் வானொலியில் ஏறியிராது. பெயரை வாசித்து, எவரோ பாடிய பாட்டைப் போட்டு, கணக்கை நேர் செய்துவிட்டது நிலையம். இதற்கே இத்தனை நன்றி என்றால், அந்த மக்கள் அதற்குமுன் எவ்வளவு புறக்கணிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

இன்னொரு காட்சியும் தவறாமல் வரும்: தேநீர்க் கடை வானொலி. பெட்டி அன்று எல்லார் வீட்டிலும் இல்லை. வாங்கினாலும் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் புதுப்பிக்க வேண்டிய நிலை எண்பதுகள் வரை இருந்தது. ஆகவே ஊர் கேட்டது கடையில். இல்லையேல் பஞ்சாயத்து அலுவலகத்தில், அல்லது நகராட்சிப் பூங்காவில். பாய்லரில் கொதிக்கும் நீர், அலமாரியில் வானொலிப் பெட்டி, பெஞ்சில் பெரியவர்கள், காற்றில் பாடல் என்று வருணனை வழிகிறது. நாம் கேட்கிறோம்: அந்தக் கடையில் குவளைகள் எத்தனை வகை? தமிழகத்துச் சிற்றூர்களில் பெஞ்சில் அமர்ந்து குடிப்பவர்க்கு ஒரு குவளை, வெளியே நின்றும் குந்தியும் குடிப்பவர்க்கு வேறொரு குவளை என்ற இழிவு இருந்ததும், பல இடங்களில் இன்றும் அது ஒழியாததும் ஊரறிந்த செய்தி. வானொலியின் ஒலி குவளை பார்த்துப் பாயவில்லை. உள்ளே அமர்ந்தவன் செவியிலும் வெளியே நின்றவன் செவியிலும் ஒரே பாட்டு, ஒரே செய்தி, ஒரே நொடியில். சாதி தடுக்க முடியாத முதல் பொதுப்பொருள் என்று அந்த ஒலியைச் சொல்லலாம். இதைவிடப் பெரிய பெருமை வானொலிக்கு உண்டா? இதைப் போற்றி எழுதியிருக்க வேண்டாமா? எழுதவில்லை. எழுதினால் இரண்டாவது குவளையையும் எழுத வேண்டும். பாட்டின் சுவை கெட்டுவிடும் என்று அஞ்சுகிறார்கள். அல்லது, பெஞ்சில் அமர்ந்து கேட்டவர்கள் மட்டுமே இன்று நினைவெழுதும் நிலைக்கு உயர்ந்திருக்கிறார்கள். இரண்டாவதே உண்மையாயின் அது இன்னும் வருந்தத்தக்கது.

உள்ளூர் வானொலி என்பது அரசு மனமிரங்கி வழங்கிய கொடை என்றும் இவர்கள் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. தமிழகத்தில் வானொலி பிறந்ததே உள்ளூர்ப் பிள்ளையாகத்தான். 1924இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அவ்வாண்டே ஒலிபரப்பும் தொடங்கியது. சின்னஞ்சிறு கருவி, ஆர்வலர் கூட்டம், அவ்வளவே. பொருள் முட்டுப்பட்டு 1927இல் அது நின்றுபோக, கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. எண்ணிப் பாருங்கள்: தெருவிளக்கும் குடிநீரும் பார்க்கும் ஒரு நகராண்மை, வானொலி நிலையம் நடத்தியது! எட்டாண்டுக் காலம் நடத்தியது! 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தபின் அது முடிந்தது. மறு ஆண்டு, 1939 மே 16இல், திருச்சி நிலையம் எழுந்தது. அன்று முதல் ஒலிவாங்கி நகரின் கையை விட்டுப் போயிற்று. தில்லியில் வகுத்த விதி. தில்லியில் தீட்டிய பட்டியல். தமிழ்ச் செய்தியே பல்லாண்டுக் காலம் தில்லியிலிருந்துதான் வாசிக்கப்பட்டது. தஞ்சைக்கும் நெல்லைக்கும் நடந்ததைத் தமிழில் அறிய, ஆயிரம் கல் தொலைவிலிருந்து வந்த குரலுக்குக் காத்திருந்தோம். அக்குரல்களின் இனிமையைப் புகழ்ந்து ஏடு ஏடாக எழுதுகிறார்கள். இனிமையில் குறையில்லை, தொலைவில்தான் குறை.

பெயரின் கதையும் இதுவே. 1935இல் மைசூரில் உளவியல் பேராசிரியர் கோபாலசாமி தம் இல்லத்தில் ஒரு சிறு நிலையம் அமைத்தார்; அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வழங்கியது. ஓர் ஊர்க்காரர் தம் ஊர் நிலையத்துக்குத் தாம் விரும்பிய பெயரை இட்டார்; அதில் எவர்க்கும் வழக்கில்லை. ஆனால் 1957 முதல் அப்பெயரையே நாட்டு வானொலிக்கெல்லாம் உரிய பெயராக்கி, தமிழ் நிலையங்களின் நாவிலும் ஏற்றினர். தமிழில் வானொலி என்ற அழகிய சொல் வழங்குகையில் இது எதற்கு என்று தமிழர் கேட்டனர், எதிர்த்தனர். 2023இல் மீண்டும் ஆணை வந்தது: ஆங்கிலத்திலும் இனி ஆகாசவாணி என்றே சொல்லுக என்று. மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. மைசூரில் உள்ளூர்ப் பெயராய் இருந்தபோது இனித்த சொல், ஆணையாகி வந்தபோது கசந்ததில் வியப்பென்ன? இத்தகராறு நடந்த அரை நூற்றாண்டைக் கடந்து வந்தவர்களே நினைவுக் கட்டுரை எழுதுகிறார்கள். அவர்கள் பலரின் எழுத்தில் இதற்கு ஒரு சொற்றொடர்கூட இல்லை.

செவியையும் ஆள முற்பட்டார்கள். 1940இல் ஆர்மோனியம் இந்திய இசைக்கு ஆகாது என்று வானொலியினின்று விலக்கப்பட்டது. அன்றைய நாடக மேடைகளின் உயிர்நாடி அந்தப் பெட்டி! எளியோர் கையிலிருந்த கருவி, பண்டிதர் செவிக்கு ஒவ்வாததால் முப்பதாண்டுக் காலம் விலகி நின்றது. பின்னர் 1952இல் அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடலுக்குத் தடை போடாக் குறையாக இடத்தைச் சுருக்கினார். மக்கள் சாத்திரிய இசை கேட்டு உயர வேண்டுமாம்! மக்கள் என்ன செய்தனர்? ஊர்வலம் போகவில்லை, மனு எழுதவில்லை. பெட்டியின் திருகைத் திருப்பினர். முள் கொழும்பில் போய் நின்றது. இலங்கை வானொலியின் பொற்காலம் என்று நாம் உருகும் அந்தக் காலத்தின் ஒரு வேர் இங்கே, தில்லி அமைச்சரகத்தில், இருக்கிறது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டது; அமைச்சர் தோற்றார், திருகு வென்றது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை நினைவுகூர்வோர் எண்ணற்றோர். தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு தாம் அடுத்த நாட்டுக்கு ஏன் போக நேர்ந்தது என்று எழுதுவோர் மிகச் சிலர்.

வானொலி தீமையே செய்தது என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் தஞ்சை உழவர் நம்மைச் சும்மா விடமாட்டார்! அறுபதுகளின் நடுவில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி, ஆடுதுறை 27 என்ற புதிய குறுகிய கால நெல்லைப் பற்றி இடைவிடாது பேசியது. எந்த நாளில் விதைப்பது, எவ்வளவு உரமிடுவது, பூச்சி கண்டால் என்ன செய்வது என்று பருவத்தோடு பருவமாகச் சொல்லிக்கொடுத்தது. உழவர் கேட்டனர், விதைத்தனர், அறுத்தனர். அந்நெல்லுக்கு ஆராய்ச்சியாளர் இட்ட எண் அவர்கள் நாவில் நிற்கவில்லை. ரேடியோ நெல் என்று தாமே பெயர் சூட்டிவிட்டனர். சோதிடரிடம் நாள் பார்த்து நாற்று விட்ட நாட்டில், அறிவியல் சொன்ன நாளில் நாற்று விட வைத்தது ஒரு பெட்டி. பகுத்தறிவுக்கு இதைவிடப் பெரிய பரப்புரை மேடையில் நடந்ததுண்டோ? நினைவுக் கட்டுரைகளுள் இதை எழுதியவற்றைத் தனியே எடுத்து வைத்துப் போற்ற வேண்டும். கொல்லங்குடி கருப்பாயி போன்ற எழுத்தறியாப் பெண்ணின் குரலை வயற்காட்டிலிருந்து எடுத்து நாடறியச் செய்ததும் வானொலியே. வாய் திறக்க விட்டால் எத்தகைய வாய்கள் நம்மிடம் இருந்தன என்பதற்கு அந்த ஒரு குரல் போதும். அத்தகையோர் எண்ணிச் சொல்லத்தக்க சிலராய் நின்றதுதான் நம் வழக்கு.

இனி நாகர்கோவிலுக்கு வருவோம். 1984 அக்டோபர் 30 அன்று, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமையோடு அது தொடங்கியது. பண்பலை 101 என்ற எண் குமரி மாவட்டத்தில் வீட்டு எண்போல் பழகிப்போன ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று போராடித் தமிழகத்தோடு இணைந்த மண். மலையாளமும் தமிழும் உரசும் எல்லை. மலையில் ரப்பர், வயலில் நெல், கரை நெடுகிலும் மீனவர் குடியிருப்பு. அத்தகைய மண்ணுக்குத் தனி நிலையம் கிடைத்தது பெரும்பேறு. அதைப் பற்றிய நினைவுகளில் ஒரு நெருக்கம் தெரிகிறது. திருச்சியைப் பற்றி எழுதுவோர் அறிவிப்பாளரை வியக்கிறார்கள், குமரியார் அறிவிப்பாளரை உறவாகக் கொண்டாடுகிறார்கள். உள்ளூர் நிலையத்தின் ஆற்றல் இதுவே. குரலுக்குரியவரை மறுநாள் சந்தையில் காணலாம். நேற்று நீங்கள் சொன்னது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லலாம்.

அதன் எல்லையும் உண்டு. பண்பலை, பார்வை செல்லும் தொலைவுக்குச் சற்று அப்பால் வரைதான் போகும். கோடைப் பண்பலை பல மாவட்டங்களை எட்டியதற்குக் காரணம் அது மலையுச்சியில் நின்றதே. மத்திய அலையோ தரையைத் தழுவிச் செல்லும்; இரவில் மேல்வானில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவும் எட்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் சீறியபோது, பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்க்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசியும் எட்டாது, பண்பலையும் எட்டாது என்ற தொலைவில் அவர்கள் இருந்தனர். போனவர் பலர் திரும்பவில்லை. காலைப் பாடலைப் பற்றி எழுதுவோர்க்கு இது வேறு கதையாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எந்த அலை எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்த நிலையத்தை மூடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கடற்கரையில் வாழ்பவனைக் கேட்டா முடிவு செய்கிறார்கள்? மத்திய அலைக் கோபுரங்கள் நாடெங்கும் ஒவ்வொன்றாய் ஓய்வு பெற்று வருகின்றன, அழுவதற்கு நினைவுக் கட்டுரையாளர் இருக்கிறார், வாதாட ஆளில்லை.

வாதாடுவதற்கு வழியே இல்லையா? உண்டு. 1995இல் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்புரைத்தது. கிரிக்கெட்டு ஆட்டத்தை ஒளிபரப்புவது யார் என்ற தகராற்றில் பிறந்த தீர்ப்பு அது. பந்தாட்டத்தாலும் சில வேளை நாட்டுக்கு நன்மை விளையும்! அதன் பின்னர் மெல்லக் கதவு திறந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தோன்றியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இசைவு கிடைத்தது. 2016இல் பாம்பனில் மீனவர்க்கென்றே கடல் ஓசை வந்தது.

இவ்வகையில் நாம் முதலிடம் தருவது தமிழகத்து நிலையம் ஒன்றுக்கு அன்று. தெலுங்கு மண்ணில், சகீராபாத்தை அடுத்த மாச்னூரில் இயங்கும் சங்கம் வானொலிக்கு. தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த உழவர் பெண்கள் நடத்துவது அது. உரிமம் கிடைக்கும்முன் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், அவர்கள் தம் பேச்சையும் பாட்டையும் ஒலிநாடாவில் பதிவு செய்து, ஊர்க்கூட்டங்களில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனர். 2008 அக்டோபரில் வானேறினர். விதை எது, களை எது, கூலி என்ன என்று அவர்கள் பேசினர். அவர்கள் பேச்சில், அவர்கள் கொச்சையில். தேநீர்க் கடைக்கு வெளியே நின்று கேட்டவரின் மகள், ஒலிவாங்கியின் முன் அமர்ந்தாள் என்று இதைச் சொன்னால் மிகையாகுமா? நம் கட்டுரையாளர் எவரும் மாச்னூரைப் பற்றி எழுதியதாக நாம் காணவில்லை.

எனினும் கதவைத் திறந்தவர்கள் பூட்டையும் கையிலேயே வைத்திருக்கிறார்கள். சமுதாய வானொலி தானாகச் செய்தி திரட்டிச் சொல்லலாகாது. தனியார் பண்பலைக்கும் அதே விலக்கு. அரசு வானொலியின் செய்தியை வேண்டுமானால் அப்படியே எடுத்து ஒலிக்கலாம். 2011ஆம் ஆண்டின் தனியார் பண்பலைக் கொள்கையைப் படித்துப் பாருங்கள். குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகள் செய்தி ஆகாவாம், ஆகையால் சொல்லலாமாம். எப்போது? உள்ளாட்சி நிருவாகம் தந்த அறிவிப்பாயின்! நாளை காலை ஆறு மணிக்குக் குடிநீர் வரும் என்று நகராட்சி சொன்னால் அது அறிவிப்பு. ஆறு மணிக்கு வரவில்லை, எட்டு மணிக்கும் வரவில்லை என்று தெருவார் சொன்னால் அது செய்தி, ஆகவே குற்றம். இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்டுபிடித்த மூளைக்கு மாலையிட வேண்டும்! இதற்கிடையில் பண்பலை அலைவரிசைகளில் ராசிபலன் தடையின்றி ஒலிக்கிறது. மேட ராசிக்காரர்க்கு நாளை பணம் வரும் என்று யாரும் எந்த ஆதாரமுமின்றிச் சொல்லலாம். மேட்டுத் தெருவுக்கு நாளை தண்ணீர் வராது என்று கண்ணால் கண்டவர் சொல்லலாகாது.

வகுப்பறையில் பிள்ளைகளோடு பழகுவோர் என்ற முறையில் ஒன்று சொல்வோம். இன்றைய பிள்ளைக்கு வானொலி தாத்தாவின் பெட்டி. ஏக்கம் அவனுக்கு விளங்காது, விளங்க வேண்டியதுமில்லை. ஆனால் உன் தெருவைப் பற்றி ஐந்து நிமிடம் ஊர் கேட்கப் பேசு என்று சொல்லுங்கள். எவ்வளவு சொல்ல இருக்கிறது அவனிடம்! சாக்கடை, நாய்க்கடி, பேருந்து நிற்காத நிறுத்தம், புத்தகமில்லா நூலகம். கைப்பேசியில்தான் பேசுகிறார்களே என்பார் சிலர். அங்கே அவன் பேச்சு உலகம் முழுவதும் சிதறுகிறது. தன் ஊரில் திரள்வதில்லை. ஒரே நேரத்தில் ஓர் ஊர் முழுதும் ஒன்றைக் கேட்டது என்ற நிலைமை வானொலியின் தனிச்சிறப்பு. வார்டு உறுப்பினர் நாணும் நிலைமையும் அப்போதுதான் உண்டாகும்.

ஆகவே நினைவெழுதும் பெரியோரிடம் நமக்கு வேண்டுகோள் உண்டு. உள்ளூர் நிலையங்கள் ஒலித்தவற்றுள் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. உங்கள் நினைவே இன்று ஆவணம். பாட்டின் பெயரை எழுதியது போதும். அது எங்கும் கிடைக்கிறது. பஞ்சாயத்து வானொலியின் குழாய் ஊர்ப்பக்கம் பார்த்திருந்ததா, சேரிப்பக்கம் பார்த்திருந்ததா? மாலையில் அதைத் திருகும் சாவி யாரிடம் இருந்தது? எழுதத் தெரியாதவர்க்கு அஞ்சலட்டை எழுதிக் கொடுத்தவர் யார், அவர் எந்தப் பாட்டைக் கேட்கச் சொல்லி எந்தப் பாட்டை எழுதினார்? பெண்கள் அட்டை போட்டால் தம் பெயரில் போட்டார்களா, தம்பியின் பெயரிலா? உங்கள் ஊரிலிருந்து எவரேனும் நிலையத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்களா, அவர் எந்தத் தெருக்காரர், என்ன பேசினார், எதைப் பேச வேண்டாமென்று அங்கே அவரிடம் சொன்னார்கள்? இவற்றை எழுதி அனுப்புங்கள்.